மலை வழியா கள்ளச்சரக்கு: கேம்பெயின்ல பாதையை எப்படி அமைக்கிறது?

இருபதுமுகம் (மண்டபம்)

நாலு பிளேயர், எல்லாரும் 3-ஆம் லெவல். டி அண்ட் டி (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமா கதை நடத்துற மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்.

உலகம் இதுதான்: கிழக்கே கடலும் உப்பளமும். நடுவுல ஒரு மலைத்தொடர். மேற்கே உப்பே விளையாத ஒரு ராஜ்யம். ஆறு ஒண்ணு அந்த மலையில பிறந்து கடல் பக்கமா வந்து, கடலைத் தொடாம ஒரு பெரிய கண்மாயில முடியுது (வைகையை அப்படியே எடுத்துக்கிட்டேன், ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல). அடிவாரத்துல இருந்து அடிவாரம் 60 மைல். அதுல நடு 12 மைல் 10,000 அடிக்கு மேல. கணவாய் உச்சியில ராஜாவோட சுங்கச்சாவடி.

பிளேயருங்க உப்பையும் முத்தையும் வரி கட்டாம மேற்கே கொண்டுபோய் விக்கணும். சிக்கல் என்னன்னா, மேசையில உக்காந்திருக்கிற எல்லாருக்கும் கடத்தல்னா மனசுல வர்றது ஒரே படம்தான்: அமாவாசை, வள்ளம், ஆளில்லாத கரை. சாவடி இருக்குன்னு சொன்ன உடனே "சுத்திப் போறோம்"ங்கிறாங்க. ஏன் முடியாதுன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. ஒரு ஸ்டெல்த் ரோல் (ஒளிஞ்சு போக முடியுதான்னு பாக்குற டைஸ்) போடச் சொல்லி முடிச்சிடறேன், சப்புன்னு இருக்கு.

எத்தனை பாதை வைக்கலாம், சரக்கு எவ்வளவு, எங்கெங்க கெட்டுப்போகும்? கணக்கோட சொன்னா நல்லது.

---

கச்சான்காத்து

தம்பி, "சுத்திப் போறோம்"ங்கிறது கடல் புத்தி. கடல்ல பாதை எங்க வேணும்னாலும் இருக்கு, இறங்குற இடம்தான் குறைச்சல். பாறை இருக்கு, சேறு இருக்கு, ஆழம் பத்தாது, கரையில ஆள் இருக்கு. அதனால காவல்காரன் கரையைப் பாத்துக்கிட்டா போதும். மலையில அப்படியே தலைகீழ். இறங்குற கிராமம் ஐம்பது இருக்கும், நடுவுல ஏறுற வழி மூணுதான் இருக்கும். அந்த மூணும் ஊருக்கே தெரியும், ராஜாவுக்கும் தெரியும். ரகசியப் பாதைன்னு ஒண்ணை வச்சீங்கன்னா அதோட கதை முடிஞ்சது.

வரைபடத்துல பாதையை முதல்ல போடாதீங்க. ஓடையைப் போடுங்க. ஓடைக்குப் பக்கத்துல ஆறு கோவேறு கழுதையை அவிழ்த்துக் கட்டுற அளவுக்குச் சமதளம் எங்க இருக்கோ, அங்க புள்ளி வைங்க. ஒரு நாள் நடைக்குள்ள அடுத்த புள்ளி இல்லைன்னா அந்தப் பக்கம் பாதையே கிடையாது, கோட்டை அழிச்சிடுங்க. மிஞ்சுறதுதான் உங்க வழி. "ஏன் சுத்திப் போக முடியாது?"ன்னு கேட்டா பதில் தயார்: "அங்க தண்ணி இல்ல."

ஒரு நாள் நடை எவ்வளவு? சாதாரண வேகம் நாளுக்கு 24 மைல், மெதுவா போனா 18. மலை கடினத் தரை, ரெண்டும் பாதியாகும்: 12, 9. ஒளிஞ்சு போகணும்னா மெதுவாத்தான் போகணும். 10,000 அடிக்கு மேல ஒவ்வொரு மணி நேர நடையும் ரெண்டா கணக்கு, அதனால இன்னும் பாதி: 6, நாலரை. உங்க 60 மைல்ல கீழ 48, மேல 12. பகிரங்கமா போனா 4 நாளும் 2 நாளும் சேர்ந்து 6. ஒளிஞ்சு போனா சரியா 8 நாள். இந்த ரெண்டு நாள் வித்தியாசம்தான் உங்க விளையாட்டு. ரெண்டு நாள் அதிகத் தீவனம், ரெண்டு நாள் அதிக மழை, ரெண்டு நாள் அதிகமா ஒருத்தன் கண்ணுல படற வாய்ப்பு.

அடுத்தது சரக்கு. முத்தை எடுத்துடுங்க. ரத்தினப் பட்டியல்ல ஒரு முத்து 100 பொன். அதைக் கடத்த மலைப்பாதை எதுக்கு, ஒரு கோவணம் போதும். பாதை வேணும்னா சரக்கு கனமா இருக்கணும், மலிவா இருக்கணும், வரி அநியாயமா இருக்கணும். உப்பு மூணுக்கும் பொருந்தும்.

விதிப்படி உப்பு ராத்தல் 5 செம்புக்காசு (100 செம்பு ஒரு பொன், 10 வெள்ளியும் ஒரு பொன்). கோவேறு கழுதை 8 பொன், 420 ராத்தல் தூக்கும். நாளைக்கு 10 ராத்தல் தீவனம், 8 நாளைக்கு 80. சேணம், பாய், கயிறு, ஆளுங்க சாப்பாட்டுல ஒரு பங்குன்னு 40 கழிச்சா மிச்சம் 300 ராத்தல் உப்பு. ஆறு உருப்படிக்கு 1,800 ராத்தல், கொள்முதல் 90 பொன். மேற்கே வரியோட ராத்தல் 20 காசுன்னு வைங்க. கள்ளச்சரக்கை அந்த விலைக்கு எவனும் வாங்க மாட்டான், 15-க்குத்தான் போகும். வரவு 270, வித்தியாசம் 180 பொன்.

இப்ப செலவு. திரும்பி வர்ற 6 நாளையும் சேர்த்து 14 நாள். வழிகாட்டி தேர்ந்த ஆள், நாளுக்கு 2 பொன், மொத்தம் 28. கழுதை ஓட்ட மூணு பேர், ஆளுக்கு நாள் 2 வெள்ளி, 8 பொன் 4 வெள்ளி. தீவனம் 4 பொன் 2 வெள்ளி. ஆக 40 பொன் 6 வெள்ளி போக 139 பொன் 4 வெள்ளி நிக்கும். சாவடிக்கு 60 கொடுத்தா மிச்சத்தை நாலாப் பிரிச்சா ஆளுக்கு 20 பொன் கூடத் தேறாது. ஒரு கழுதை உருண்டா உப்பு 45, கழுதை 8, சேணம் 5, மொத்தம் 58 பொன் போச்சு. இந்தக் கணக்கை மறைக்காதீங்க, மேசை மேல வைங்க. அப்புறம் பாருங்க, பாறை விளிம்புல நடக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் டைஸ் உருட்டுவாங்க.

"கழுதையே வேணாம், ஆள் வச்சுத் தலைச்சுமையா ஆட்டுத்தடத்துல ஏறிடுவோம்"னு ஒருத்தன் சொல்லுவான். விடுங்க, ஏறட்டும். சுமை விருப்ப விதிப்படி பலம் 10 உள்ள ஆளு 50 ராத்தலுக்கு மேல எடுத்தா வேகம் குறையும். 1,800 ராத்தலுக்கு 36 பேர். 14 நாள் கூலி 100 பொன் 8 வெள்ளி. அதைவிட, 36 வாய்.

---

பொதிக்காரன்

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா 420 ராத்தல்ங்கிறது சுமார் 190 கிலோ. நிஜக் கோவேறு கழுதைக்கு 70, 80 கிலோதான் நாள் முழுக்க மலையில தாங்கும். விளையாட்டுக்குன்னு விட்டுடலாம், ஆனா சுமையைப் பாதியாக்கினா உங்க வரி விகிதத்தையும் ஏத்தணும், இல்லைன்னா தொழிலே ஓடாது.

பொதி கட்டுற விஷயத்துல மூணு இடத்துல கெடும்.

ரெண்டு பக்கமும் எடை ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் சேணம் ஒரு பக்கமா இழுத்து, சாயந்திரத்துக்குள்ள முதுகுல தேய்ச்சுப் புண்ணாக்கிடும். புண்ணான உருப்படி அடுத்த நாள் பொதி ஏத்த விடாது. அன்னன்னைக்குப் பொதி கட்டுறப்ப விலங்கு கையாளும் சோதனை, டிசி 10 (டைஸ் கணக்கு 10-ஐத் தொடணும்). தோத்தா உடனே ஒண்ணும் ஆகாது, ராத்திரி சேணத்தை இறக்கும்போதுதான் தெரியணும்.

ஏத்தத்துல பொதி பின்னால சரியும், அதுக்கு நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார். இறக்கத்துல கழுத்து மேல ஏறும், அதுக்கு வாலுக்கடியில ஒரு வார். பிளேயர் செலவைக் குறைக்க ஒரே வார் வாங்கினா, உச்சி வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போகும். மேற்குச் சரிவுலதான் வினை.

மூணாவது மணி. முன்னால போற பெண்குதிரை கழுத்து மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கோவேறு கழுதை வரிசையா பின்னால வரும். சத்தம் கேக்கக் கூடாதுன்னு மணியைக் கழட்டினா வரிசை கலையும். அப்ப ஒண்ணோட ஒண்ணு கயித்துல கட்டணும். கட்டினா, ஒண்ணு விழுந்தா அடுத்ததையும் இழுத்துக்கிட்டுப் போகும். இதுக்கு வழி என்னன்னா, கயித்தை நேரா சேணத்துல முடியாம, நடுவுல மெல்லிசான சணல் வளையம் ஒண்ணு போட்டு அதுல கட்டுறது. சாதாரண இழுப்பைத் தாங்கும், முழு எடை விழுந்தா அறுந்துடும். இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்காத பிளேயர் ஒரே சறுக்கல்ல மூணு உருப்படியை இழப்பான். விதியில கோவேறு கழுதைக்குக் கீழ விழாம இருக்கிற சேவ்ல (தப்பிக்கிற டைஸ் சோதனையில) அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் போட்டுப் பெரியதை எடுக்கிறது) உண்டு, அதனால அடிக்கடி நடக்காது. ஒரு பயணத்துல ஒரு தடவை வந்தா போதும்.

மழையைப் பத்தி யாரும் விவரமா சொல்லல. பலத்த மழையில பார்வையும் காதும் மங்கும், காவல்காரனோட பர்செப்ஷனுக்கு (கவனிக்கிற சோதனைக்கு) டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ்ல சின்னதை எடுக்கணும்). கள்ளனுக்கு அதைவிட நல்ல நேரம் உண்டா? ஆனா தூக்கிட்டுப் போறது உப்பு! பனை ஓலைப் பாயில இறுக்கிச் சுத்தின பொதி தூறலைத் தாங்கும், நாள் பூரா கொட்டுறதைத் தாங்காது. பலத்த மழையில நடந்த ஒவ்வொரு நாளுக்கும் உப்புல பத்துல ஒரு பங்கு கரைஞ்சதா வைங்க: 180 ராத்தல், 27 பொன். பொதிக்கு அடியில வெள்ளையா ஒழுகுற அந்தத் தண்ணியும் பாதையில தடம் வைக்கும். அடுத்த நாள் மான், காட்டெருமை எல்லாம் வந்து பாறையை நக்கிக்கிட்டு நிக்கும். தடம் பாக்கத் தெரிஞ்ச சுங்கக்காரனுக்கு இதைவிடப் பெரிய அம்புக்குறி வேணாம். யானை இருக்கிற மலைன்னா நான் சொல்ல வேண்டியதில்ல.

---

கீழக்கரைக்காரர்

ரெண்டு பேரும் பாதையைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பாதை எல்லாருக்கும் தெரியும்னா, ஒளியுறதே வீண். கடத்தல் சாவடியைத் தாண்டி நடக்குறதில்ல, சாவடி வழியாவே நடக்குது. புளி மூட்டைக்கு நடுவுல உப்பு. பத்து உருப்படிக்கு வரி கட்டி ரெண்டு உருப்படியைக் கணக்குல சேர்க்காம விடுறது. பழைய சீட்டையே ரெண்டாம் தடவை காட்டுறது. விளையாட்டுலயும் இதுதான் சுவாரஸ்யம். சாவடியில மூணு பேரை வைங்க: எடை போடுறவன், சீட்டு எழுதுறவன், கதவு திறக்குறவன். மூணு பேருக்கும் மூணு தேவை. ஒருத்தனுக்குக் காசு, ஒருத்தனுக்கு ஊருக்கு மாறுதல், ஒருத்தன் எதையும் வாங்க மாட்டான். பிளேயர் முதல் பயணத்துல யார் யாருன்னு கண்டுபிடிக்கட்டும்.

சுவர் கட்டணும்னா கல்லுல கட்டாதீங்க. வெள்ளைக்காரன் உப்பு வரிக்காக வடக்கே ஒரு சுங்க எல்லை வச்சிருந்தான். 1869-ல சிந்து நதியில இருந்து மகாநதி வரைக்கும் 2,300 மைல், காவலுக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர். அதுல ரொம்ப தூரத்துக்கு உயிர்வேலிதான்: கருவேலம், இலந்தை, களா, கள்ளி. 1879-ல கைவிட்டாங்க. நம்ம மாவட்டத்துல சீமைக்கருவேலத்துக்குள்ள ஆடு போன வழியில மனுஷன் போக முடியாதுங்கிறது எல்லாருக்கும் தெரியும், அந்த மாதிரி ஒண்ணைக் கணவாய்க்குக் கீழ சரிவு முழுக்க வளர்த்து விடுங்க. முள்வேலியில விளையாட்டுக்கு ஏத்த ஓட்டை நிறைய: கரையான் அரிக்கும், தீப்பிடிக்கும், வறட்சியில பட்டுப்போகும், மூட்டையை மேல தூக்கி அந்தப் பக்கம் எறியலாம். எறியணும்னா அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும், அந்த ஆளை நம்பணும்.

இன்னொண்ணு, பிரான்ஸுல உப்பு வரி இருந்த காலத்துல நாய் முதுகுல உப்பைக் கட்டி எல்லை தாண்ட விட்டிருக்காங்க. வரி இல்லாத பக்கம் பட்டினி போட்டு, வீடு வரி இருக்கிற பக்கம் இருந்தா நாய் தானே ஓடும்னு வச்சுக்கலாம். மூணாம் லெவல் ஆட்களுக்கு நல்ல துணைக்கதை.

அப்புறம், திரும்பி வர்ற கழுதை வெறுமனே வந்தா, போகும்போது என்ன கொண்டுபோனேன்னு சாவடிக்காரன் கேப்பான். ஏதாவது மலிவுச் சரக்கு ஏத்தி, அதுக்கு ஒழுங்கா வரி கட்டிட்டு வரணும். மிளகு ஏத்த ஆசைப்படுவாங்க. ராத்தல் 2 பொன், 1,800 ராத்தல்னா 3,600. வாங்கக் கையில காசு இருக்காது, அது உங்களைக் காப்பாத்தும். கடன் கொடுக்க ஒரு வியாபாரியை வச்சீங்களோ, கேம்பெயின் அங்கேயே கவுந்துடும்.

---

இருபதுமுகம் (மண்டபம்)

அண்ணே, கீழக்கரைக் காக்கா (எங்க பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), எல்லாருக்கும் நன்றி. ஓடையை முதல்ல போட்டுப் பாத்தேன், அஞ்சு பாதை நினைச்சு வச்சிருந்ததுல ரெண்டு தானா அழிஞ்சுபோச்சு.

ஒரு சந்தேகம். குழுவுல ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருத்தர் இருக்கார், "பாஸ் விதவுட் ட்ரேஸ்"னு கூட வர்றவங்களை ஒளிச்சுக் கூட்டிட்டுப் போற மந்திரம் போடுவார், ஸ்டெல்த்துக்கு 10 கூடும். அதோட போன தடவை ஒரு "பேக் ஆஃப் ஹோல்டிங்" (உள்ள நிறைய அடங்குற மந்திரப் பை) கொடுத்துத் தொலைச்சிட்டேன். இந்த ரெண்டும் இருந்தா மேல சொன்ன எதுக்கும் வேலை இருக்குமா?

---

கச்சான்காத்து

இருக்கும். மந்திரத்தோட அளவை டேப் வச்சு அளந்து பாருங்க.

பாஸ் விதவுட் ட்ரேஸ் போட்டவரைச் சுத்தி 30 அடி. ஒத்தையடிப் பாதையில ஒரு உருப்படிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சேர்த்து 15 அடி. ஆறு உருப்படி, ஆளுங்க எல்லாம் சேர்ந்தா வரிசை 100 அடியைத் தாண்டும். ட்ரூயிட் முன்னால நடந்தா பின்னால மூணு வெளியில நிக்கும். நடுவுல நடந்தாக்கூட முன்னும் பின்னும் ஒவ்வொண்ணு விடுபடும். நெருக்கிக் கட்டினா அடங்கும், ஆனா பொதிக்காரன் சொன்ன சறுக்கல் அப்ப ரெண்டு மடங்கு. அது ஒரு மணி நேரம்தான் நிக்கும், கவனம் கலைஞ்சா அதுவும் இல்ல. கடினத் தரையில மெதுவா போனா மணிக்கு ஒரு மைல். ஆக ஒரு தடவை போட்டா ஒரு மைல். இது ரெண்டாம் படி மந்திரம், மூணாம் லெவல் ட்ரூயிட் அந்தப் படியில நாளைக்கு ரெண்டு தடவைதான் போட முடியும். எட்டு நாள் நடையில எந்த மைலுக்கு அதைச் செலவழிக்கிறதுங்கிறதை அவங்களே அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்.

பை 500 ராத்தல் பிடிக்கும். உப்பா நிரப்பினா 25 பொன் சரக்கு, ரெண்டு கழுதைக்குக் குறைவான சுமை. பரவாயில்ல, விடுங்க. சாவடியில டிடெக்ட் மேஜிக் (மந்திரப் பொருளைக் காட்டிக் கொடுக்கிற மந்திரம்) தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்திருந்தா போதும், 30 அடிக்குள்ள பை தெரிஞ்சிடும். மெல்லிசான ஈயத்தகடு அதை மறைக்கும். ஈயப்பெட்டி செய்யச் சொல்லி ஊர்க் கொல்லன்கிட்ட போனா, எதுக்குன்னு கேப்பான்.

---

சோழகம் (தேவிபட்டினம்)

நிலாவைப் பத்தி மட்டும் ஒரு குறிப்பு, மேல யாரும் தொடல.

அமாவாசை கடலுக்குத்தான் சரி. மலை விளிம்புல இருட்டுல கழுதை நடத்தினா நீங்க காவல்காரனுக்கு வேலையே வைக்க மாட்டீங்க. வெளிச்சம் வேணும், ஆனா சாவடிப் பக்கம் இருட்டு வேணும். வளர்பிறை அஷ்டமி அன்னைக்கு நிலா நடுராத்திரி வாக்குல மறையும், தசமின்னா ரெண்டு மணி சுமாருக்கு. விளிம்பை நிலா இருக்கும்போதே தாண்டி, மறைஞ்ச பிறகு சாவடியைக் கடக்கணும். அப்ப மாசத்துக்கு நாலு ராத்திரிதான் தோது. முன்கூட்டி வந்தா நிலா மறையுற வரைக்கும் காத்துக் கிடக்கணும், பின்தங்கினா விளிம்புல இருட்டிடும். உங்க உலகத்துல ரெண்டு நிலா இருந்தா பஞ்சாங்கம் நீங்களே எழுதிக்கணும்.

காத்தும் அப்படித்தான். நம்ம கரையில பகல்ல கடல்காத்து உள்ள வரும், ராத்திரி தரைக்காத்து வெளிய போகும். மலையிலயும் அதே கதை: பகல்ல சரிவுல மேல ஏறும், ராத்திரி குளிர்ந்து கீழ இறங்கும். ராத்திரியில கீழ இருந்து ஏறுறவனோட வாடை சாவடி நாய்க்குப் போகாது. சாவடி அடுப்புப் புகை அவனுக்கு வரும், எத்தனை அடுப்பு எரியுதுன்னுகூட மோந்து சொல்லலாம். நாய்க்கு வாசனையில வர்ற அட்வான்டேஜை அப்ப எடுத்துடுங்க. சாவடியைத் தாண்டி, உச்சியில இருந்து மேற்கே இறங்கும்போது எல்லாம் மாறும். அந்தப் பக்கம் சரிவுக்கடியில இன்னொரு காவல் இருந்தா, இவங்க வாடை இவங்களுக்கு முன்னாலயே கீழ போய்ச் சேர்ந்துடும். அந்த இடத்துல மட்டும் பகல்ல இறங்குறது நல்லது, ஆனா பகல்ல கண்ணுக்குத் தெரியும். கருவாட்டு மூட்டை ஒண்ணு கூட வச்சிருந்தா நாய் குழம்பும்னு பிளேயர் யாராவது கேப்பாங்க. குழம்பாது, நேரா வரும்.